பனியனில் வருகிற ப

ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத்
தரையில் வட்டமாக உட்கார்ந்தோம்,
நானும், சேலையை இடுக்கிக்கொண்டு.

நூல் தீர்ந்த கோன் ஒன்று,
யாரோ கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது.
அது எவர் கையில் இருக்கிறதோ
அவர் மட்டும் பேசலாம்.
யார் செய்த தப்பு என்று கேட்கப்போவதில்லை.
யாருக்கு என்ன போனது,
அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாகப் போனது
தரணீஷின் டிபன் பாக்ஸ்.
வீசியவன் விஜய்.
போன வருஷம் ஒடிசாவிலிருந்து
திருப்பூருக்கு வந்தவன்.

'அரிசிம்பருப்புச் சோறுங்க மிஸ்.
நைட் ஷிப்ட் முடிச்சு வந்து
தூங்காம ஆக்கிக் குடுத்தாங்க அம்மா.
பூரா உண்டுட்டயான்னு கேப்பாங்க.
என்னன்னு சொல்றது?'

கோன் நகர்ந்தது.
சிரித்தவள் ஒருத்தி சிரித்ததைச் சொன்னாள்.
பையா, பையா என்று கூப்பிட்டதை
மூன்று பேர் சொன்னார்கள்.
மறுசுற்றில் தரணீஷும்,
கோனைப் பார்த்துக்கொண்டே.

விஜய் இருமுறை
வாய் திறக்காமல் கடத்திவிட்டான்.
வெளியே சாயப்பட்டறை லாரி
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருந்தது.
மூன்றாவது முறை
கோனின் துளைக்குள் விரலை விட்டபடி
'என் பேரு விஜய் இல்லீங்க மிஸ்' என்றான்,
எங்கள் ஊர் இழுவையோடு.
'பிஜய்ங்க.'

அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தது நான்.

சேர்க்கை நாளில் அவன் அப்பா சொன்னதை
நாக்கு வராமல் சொல்கிறார் என்று
பதிவேட்டில் நானே திருத்திய எழுத்து.
தினமும் காலையில் அதை உரக்க வாசித்து
'உள்ளேன் மிஸ்' வாங்கியிருக்கிறேன்
இல்லாத ஒருவனிடமிருந்து.

வெறும் அட்டைக்கோன், இவ்வளவு கனமா?
'நானும் ஒண்ணு எடுத்திருக்கேன்' என்றேன்.
அதற்குமேல் வரவில்லை.

முறை வருவதற்கு முன்பே
பேசிவிட்டாள் மகிஷா:
'பனியன்ல வர்ற ப தானுங்க மிஸ்.
அதொண்ணும் கஷ்டமில்லீங்க.'

ஊரே விடிந்தால் அடைந்தால்
சொல்லிக்கொண்டிருக்கிற ப.

கொட்டிய சோறு கொட்டியதுதான்.
நாளைக்குப் பாதிப் பாதி என்று
அவர்களே பேசி முடித்தார்கள்.
நசுங்கிய பாக்ஸைத் தரணீஷ் பிடிக்க
பிஜய் உள்ளிருந்து கல்லால் தட்டினான்.
மூடி இன்னமும்
ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை
வேறு இருவர், வேறு சண்டை.
கோனைக் காணோம்.
டஸ்டரைக் கையில் கொடுத்து
உட்கார்ந்தோம்,
எல்லோர் மடியிலும் சாக்பீஸ் தூள்.