நாடாவின் நீளம்

செவ்வாய் காலை
தண்ணீர்க் கிண்ணத்தில் தலை வைத்துக் கிடந்தான்.
குடிக்கிறான் என்று நினைத்து
மூன்று பிளவுசுக்குக் கழுத்து வெட்டி முடித்தேன்.
நான்காவதற்குத் துணி விரிக்கும்போதும்
குடித்துக்கொண்டிருந்தான்.

வெட்டுமேசையில் கிடத்தி
என் கழுத்தில் கிடந்த இஞ்சி டேப்பால் அளந்தேன்.
நாற்பத்தேழரை.
பதினொரு வருஷம் அளக்க விடாதவன்,
உயிரோடு ஒருநாளும் நேராய் இருந்திராதவன்.
வாடிக்கைக்காரர் அளவெழுதும் கொப்பியில்
அவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்:
பெயர் நாடா.
நடுச் சுற்றளவு நாலேகால்.
தோள் இல்லை.
இடுப்பு எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.

வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருப்பவளுக்கு
மண் என்பது பக்கற்றில் விற்கிற சாமான்.
எங்கள் ஒழுங்கையில் தார் இல்லாத இடத்தில் சீமெந்து,
சீமெந்து இல்லாத இடத்தில்
யாரோ ஒருவருடைய கார்.

ஹில்மிக்குப் போன் எடுத்தேன்,
கண்ணாடிப் பெட்டியோடு அவனை எனக்கு விற்றவன்.
"கடல் பக்கத்திலதானே அக்கா,
ரயில் போனாப் பிறகு தண்டவாளம் தாண்டிப் போய் விடுங்க."
கடல் வாங்கியதை வைத்திருக்காது.
பின்னேரம் கடலை கொறிக்க வருகிற பிள்ளைகளின்
காலடியில் கொண்டுவந்து போடும்.
யாராவது கல் எடுப்பார்கள்.
செத்த பாம்பையும் அடித்த பிறகே
செத்ததென்று நம்புவார்கள்.

வாய்க்காலில் கபரக்கொய்யா இருக்கிறது,
மிச்சம் வைக்காது.
அதனால்தான் வேண்டாம் என்றேன்.
மிருக வைத்தியரிடம் போனால்
முதலில் அனுமதிப் பத்திரம் கேட்பார்.
மாநகரசபை லொறிக்கு
உக்குவது ஒரு பை, உக்காதது ஒரு பை.
அவன் உக்குவான், தெரியும்.
கை அந்தப் பைக்குப் போகவில்லை.

ஐஸ்கிரீம் டப்பாவில் வளையமாய்ச் சுருட்டி
மூடியில் 'நெத்தலி' என்று எழுதி
பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தேன்.
பக்கத்தில் அவனுக்கென்று வாங்கிய கடைசி இரண்டு எலிகள்
பொலித்தீனில் உறைந்து கிடந்தன.

பிஸ்கட் ரின் நிறைய அவன் கழற்றிய சட்டைகள்.
பொத்தானில்லை, தையலில்லை,
உதட்டில் தொடங்கி
உள்பக்கம் வெளியே வர உருவிப் போடுவான்.
இருபது வருஷம் தைக்கிறேன்,
அப்படி ஒரு வெட்டு எனக்கு வராது.
ஒவ்வொரு தடவையும்
சட்டையை விட்டு ஆள் போனது.
இந்தமுறை சட்டை ஆளை விடவில்லை.

மூன்றாம் நாள் கோகிலவாணி கேட்டாள்:
"நாடாவைக் காணேல்ல.
நீ நெத்தலி வாங்கிறனியும் இல்ல."
அவனுக்குப் பயந்து இரண்டு வருஷமாய்
என் அறை வாசலோடு நின்று கதைப்பவள்.
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு பல்கனிக்குப் போய்
தன் பெரிய கறிவேப்பிலைத் தொட்டியை
முழங்காலால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தாள்.
"மரத்தை நான் பிடிக்கிறன். நீ கிண்டு."

இரவு முழுக்க வெளியில் வைத்து இளகவிட்டேன்.
தொட்டியின் வட்டம் அவனுக்குச் சரியாய் இருந்தது,
அளவெடுத்துத் தைத்ததுபோல.
வாய்க்கரிசி போடலாம், அரிசி தின்னமாட்டான்.
இரண்டு எலிகளையும் தலைமாட்டில் வைத்தேன்.
கோகிலவாணி மறுபக்கம் பார்த்தபடி
மரத்தை விடாமல் பிடித்திருந்தாள்,
பிறகு மூன்று தரம் கை கழுவி
இரவு வேலைக்குப் போனாள்.

இரண்டு கிழமை இலை உதிர்ந்தது.
செத்துவிடும் என்று நினைத்தோம்.
பிறகு ஒரு காலை, அடியில்,
சிவப்பாய் ஒரு குருத்து.

நேற்று அவள் பருப்புக்கு
ஒரு நெட்டு முறிக்கப் போய்
கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
நான் யாருக்கோ கை நீளம் எழுதிக்கொண்டிருந்தேன்.
"முறி" என்றேன்.
தாளிச்ச மணம் அறைவரை வந்தது.

நான் கீழே இறங்கிப் போய்
பாண் வாங்கிச் சாப்பிட்டேன்.