அறுபத்தோராம் வழக்கில் ஒரு சொல்

கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி
ஆங்கிலத்தில் சொன்னார்: "சூ".
ஒரே அசை. காகம் விரட்டப் போதும்.
அதைத் தமிழில் இறக்கி வைப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

"விடுதிக்கு எதிராக
வழக்குத் தொடர்ந்திருக்கிறீர்கள், அப்படித்தானே?"
சாட்சிக் கூண்டில் தங்கரூபி
சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.
"நான் ஒருத்தரையும் தொடரேல்லை.
வழக்கமாப் போற பாதையைக் கேக்கிறன்."

தட்டச்சுக்காரர் விரல்களைத் தூக்கியபடி காத்திருந்தார்.

வழங்கியது வழக்கம்.
வழங்க விடாதபோது வழக்கு.
இரண்டுக்கும் நடுவே சல்லியில் ஓர் ஒழுங்கை,
கைவண்டி ஒன்று போகும் அகலம்,
இரு பக்கமும் கிளுவை.
முன்பு அது கடலில் முடிந்தது.
இப்போது காவலாளியின்
பிளாஸ்டிக் கதிரையில் முடிகிறது.

சிங்களத்தில் இதற்கு நடுவ என்பார்கள்.
என் காதுக்கு அது நடு என்றே கேட்கும்:
மூன்று மொழிக்கும் நடுவில்
தண்ணீர்ப் போத்தலோடு நான் நிற்கிற இடம்.

"பத்து வருடம் தொடர்ச்சியாக நடந்தீர்களா?"

மறுபடி அதே சொல். இம்முறை பொறியாக.
நான் அதை மெதுவாக மொழிபெயர்த்தேன்,
மெதுவாகச் சொன்னால்
பல் கொஞ்சம் மழுங்கும் என்பதுபோல்.

"தொண்ணூறில ஓடினம்.
நேவி கம்பி அடிச்சான்.
பிறகு முகாம், பிறகு மூதூரில மாமி வீடு.
என்ர கால் போகேல்லைத்தான்.
பாதை எங்க போகும், ஐயா?"

பாதை எங்க போகும்.
இதை ஆங்கிலத்தில் சொன்னபோது
வெறும் வினாவாக இருந்தது.
நீதிபதி பேனாவை மூடினார், திறந்தார்.
எதையோ எழுதினார்.

அன்றிரவு அகராதி பார்த்தேன்.
சூ: பழைய பிரெஞ்சு வழி வந்தது.
அடியில் லத்தீன்.
பொருள், பின்னே போதல்.

சோறு ஆறியது.
ஒன்றையொன்று கண்டிராத இரண்டு மொழிகள்
பறிகொடுத்தவருக்கு ஒரே வேலையைக் கொடுத்திருக்கின்றன:
எடுத்தவன் பின்னால் நட.
எங்கள் பழைய லிகிதர் மட்டும்
தொடுத்தாள் என்றே எழுதுவார்,
பூவுக்கும் அம்புக்கும் எழுதுவதுபோல்.
அவள் கையில் இரண்டுமே இருக்கவில்லை.
மீன் கடகம் சுமந்த தலையில்
மயிர் தேய்ந்த ஒரு வட்டம்,
அதை எவரும் சான்றுப்பொருளாகக் குறிக்கவில்லை.

தவணை செப்டெம்பர் பதினேழு.

வெளியே, வாகனத் தரிப்பிடத்தில்,
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது.
தங்கரூபி துண்டை எட்டாக மடித்து
மணிபர்சில் வைத்தாள்.
"பிள்ளை, இது இன்னும் தொடருமோ?"

"தொடரும்" என்றேன்.
எந்தப் பொருளில் என்று அவள் கேட்கவில்லை.
நிலாவெளி பஸ் வந்தது.