இரண்டு பத்துக்கு விழுந்தவை

இரவு இரண்டு பத்து.
கந்தளாய் றோட்டில் பெக்கோ ஒன்று
பின்னேரமே ஃபைபரை அறுத்துப் போட்டுவிட்டது.
திருகோணமலையின் கதையெல்லாம் இப்போது
மூதூர், வெருகல், வாகரை என்று
கடலோரமாய்ச் சுற்றிப் போய் வருகிறது.
ஹில்மி கதிரையில் நித்திரை.
ராக்கின் பச்சை வெளிச்சங்களுக்கு நித்திரை இல்லை.

அப்போதுதான் நீ எடுத்தாய், ஃபுஜைராவிலிருந்து.
சித்திரைக்கு வருவியா எண்டு கேட்டன்.

"வ"

பிறகு ஒன்றுமில்லை. பிறகு

"ன்."

வருவனா, வரமாட்டனா?

உன் குரலை இருபது மில்லிசெக்கன் துண்டுகளாய் நறுக்கி
ஒவ்வொன்றின் நெற்றியிலும் என் முகவரியை ஒட்டி
அனுப்பிவிடுகிறார்கள்.
முன்னால் போனது எந்த வழியால் போனதென்று
பின்னால் வருவதற்குத் தெரியாது.
கோட்டையடி மான்கள் றோட்டைக் கடப்பதும் இப்படித்தான்,
தன் தன் பாட்டில்,
ஒன்று மட்டும் நடுவில் நின்று பொலித்தீன் மென்றுகொண்டு.

எழுத்தென்றால் தொலைந்த துண்டைத் திருப்பிக் கேட்கும்.
குரலுக்கு அந்த வழக்கம் இல்லை.
பிந்தி வரும் சொல்லை வைத்து என்ன செய்வதென்று
எறிந்துவிடும்.

பதினொரு துண்டு.
எங்கே விழுந்தவை என்று தேடினேன். அது என் வேலை.
வெருகலில் இல்லை. மட்டக்களப்பில் இல்லை.
இங்கேதான், இந்த அறையில், மூன்றாம் ராக்கில்,
வரிசை நிரம்பி வழிந்த இடத்தில்.

ஆஸ்பத்திரி முதலில், அடுத்தது வங்கி,
ஆட்களின் கதை கடைசி
என்று அந்த வரிசையை எழுதினது நான்.
ஆறு மணிக்கு,
பிளேன்டீ குடித்துக்கொண்டு.

மௌனத்தை யாரும் அனுப்புவதில்லை, தெரியுமா உனக்கு?
பேசாத நேரத்தில் பக்கெட் போகாது.
மற்றப் பக்கம் ஆளில்லை என்று நான் பயப்படாதிருக்க
என் ஃபோனே ஒரு மெல்லிய இரைச்சலைச் செய்து
என் காதில் வைக்கும்.
அந்த "ன்"னுக்குப் பிறகு கேட்டதை
உன் மூச்சென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருக்காச் சொல்லு எண்டு கேட்டிருக்கலாம்.
"ஓம், சரி" என்றேன்.
நீயும் "சரி" என்றாய். அது முழுசாக வந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
இழப்பு தசம் நான்கு வீதம். ஏற்கலாம்.

ஹில்மி கண்ணைக் கசக்கி,
"எல்லாம் ஓடுதா?" என்றான்.
ஓடுது.

கண்ணாடிக்கு வெளியே
அந்த மான் இன்னும் றோட்டின் நடுவில்.
மீன் லொறி ஒன்று லைட்டைத் தணித்துவிட்டு
அது போகட்டும் என்று நின்றது.