கியோத்தோவுக்கு ஒத்திகை

ஒசாக்காவில் பன்னிரண்டு நாள் பயிற்சி,
குளோரின் அளக்கும் புதுக் கருவிக்கு.
அதற்குள் ஒரேயொரு ஞாயிறு என்னுடையது.
கியோத்தோ ரெயினில் அரைமணி நேரம்தான் என்றார்கள்.

ஆயிரத்துக்கு மேல் கோயிலாம் அங்கே.
சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதினேன்:
ஏழு மணி, சிவப்பு வாயில்கள் வரிசையாய் ஏறும் மலை.
பத்தரை, மரத்தூண்களின் மேல் நிற்கும் மண்டபம்.
ஒன்றரை, குளத்தங்கரையில் பொன்பூசிய வீடு.
நாலு, மூங்கில் காடு.
சாப்பாட்டுக்கு இடம் விட மறந்து
ஓரத்தில் சிறிதாய்ச் செருகினேன்.

எத்தனை கிலோமீற்றர் என்றால் எனக்குப் பிடிபடாது,
குழாய் பதிக்கிற கணக்கைத் தவிர.
ஆகவே கியோத்தோ நிலையத்தைத் தூக்கி
எங்கள் ஸ்ரேசன் வாசலில் வைத்தேன்.
தெற்கே மூன்று, பாசையூர்.
கிழக்கே மூன்று, நல்லூருக்குச் சற்று அப்பால்.
வடக்கே ஏழு, இணுவில்.
மேற்கே பத்து, அராலிப் பாலமும் தாண்டி.
நடந்து பார்த்துவிடுவோம்.
புதுச் சப்பாத்து கடிக்குமா என்றும் தெரிந்துவிடும்.

பாசையூர்ச் சந்தையில் இமெல்டா
பாதி வெட்டிய பாரையோடு நிமிர்ந்தாள்.
'எங்கை, விடியவெள்ளன நடையிலை?'
'ஜப்பானுக்கு.'
'எங்கட நண்டும் அங்கைதான் போகுதாம்,
கண்டால் சுகம் கேட்டதெண்டு சொல்லும்.'

மலைக்கு எங்கே போவது?
இந்த ஊரில் தண்ணீர்கூட
எந்தப் பக்கம் ஓடுவதென்று யோசித்து நிற்கும்.
எங்கள் திணைக்களத்துத் தாங்கிதான் மிச்சம்.
காவலுக்கு நின்ற குகநேசன்
'இண்டைக்கு ஞாயிறு அக்கா, றீடிங் இல்லை' என்றான்.
'தெரியும், தம்பி' என்று ஏறினேன்.
நூற்றி முப்பத்தெட்டுப் படி, இரண்டு இளைப்பு.
உச்சியில் காகம் ஒன்று
என்னைப் பார்த்து எழும்பவுமில்லை.

நல்லூரில் பிடிபட்டது முதற் பிழை.
சப்பாத்துக் கழற்ற, கயிறு அவிழ்க்க, திரும்பக் கட்ட,
ஆறு நிமிடம்.
அங்கேயும் கழற்றத்தான் வேண்டுமாம், இடத்துக்கு இடம்.
திட்டத்தில் அதற்கொரு வரி இல்லை.

காங்கேசன்துறை வீதி பகல் வெயிலில்
தோசைக்கல்லாய்க் கிடந்தது.
கோண்டாவில் சந்தி வருமுன்னே குதி கொப்பளித்துவிட்டது.
மருந்துக் கடையில் பிளாஸ்ரர் வாங்கி
ஒட்ட இடம் தேடிப் போன ஒழுங்கையில்
மைதானம் ஒன்று. அதன் ஓரத்தில் நீலக் குழாய்கள்,
எங்கள் ஆட்கள் இறக்கிவிட்டுப் பதினொரு மாதம்,
இந்த ஊரவர்கள் வந்து கத்திய கடிதத்துக்கு
பதில் எழுதியது நான்.

அந்தக் குழாயிலேயே உட்கார்ந்தேன்.
வலைக்கு இருபுறமும் பெடியள்,
கரப்பந்தாட்டம், மூன்றாம் செற்.
குட்டையாய் ஒருவன் எல்லாப் பந்துக்கும் விழுந்தான்,
எழும்பும்போதெல்லாம் முழங்கையை நக்கினான்.
பக்கத்திலிருந்தவர் கச்சான் சரையை நீட்டி
எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை,
'எந்தப் பக்கம்?' என்று மட்டும் கேட்டார்.
'நீலம்' என்றேன்.
நீலம் தோற்றது, இரண்டு புள்ளியில்.
மணி நாலே முக்கால்.

இணுவிலை நான் காணவில்லை.
அராலி இருந்த இடத்திலேயே இருந்தது.
பஸ்ஸில் ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பினேன்,
மற்றது மடியில்.

இரவு கொப்பியை எடுத்து
பொன்வீட்டை வெட்டினேன், மூங்கிலையும்.
மலையை விட்டுவைத்தேன், பழகியாயிற்று.
கழற்ற, கட்ட, பன்னிரண்டு நிமிடம்.
பிளாஸ்ரர் ஆறு.
மூன்று மணிக்கு நேரே எழுதினேன்:
உட்காருதல், ஏதாவது குழாயில்.

பொன்வீட்டுக்கு முன்னால் நின்று
படம் எடுத்து அனுப்பச் சொன்ன ஜெயதாரணிக்கு
இன்னும் சொல்லவில்லை.