கதவுக்குள் சேறு

ருஸ்தாவி கார்ச் சந்தைக்குப் பின்னால்
டயர்க் கடைக்கும் கசாப்புக் கடைக்கும் நடுவே
என் தகரக் கொட்டகை.
சியாலா காரை உள்ளே விட்டாள்,
எஞ்சினை அணைக்கவில்லை.
"கேள்" என்றாள்.

பாட்டு இல்லை. ஒலியளவு பூஜ்யம்.
ஆனாலும் நான்கு கதவுகளும்
காய்ந்த எண்ணெயில் ஈரக் கீரை விழுந்ததுபோல்
பொரிந்துகொண்டிருந்தன.
ஆக்சிலேட்டரை மிதித்தாள்.
அதற்குமேல் ஒரு கொசு கிளம்பி
மிதிக்க மிதிக்க உயர்ந்து
காலை எடுத்ததும் தாழ்ந்தது.

விற்றவன் என்ன சொன்னான்?

"கம்பெனி ரேடியோ எல்லாமே இப்படித்தானாம்.
அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர் ஓட்டிய வண்டியாம்,
ஒரு கீறல் கிடையாதாம்."

அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை.
மாலையில் திபிலிசியில் சேர்ந்திசை.
மூன்று குரல்களில் அடிக்குரல் இவள்,
மற்ற இரண்டும் ஏறி நடக்கும் தரை.
ஒத்திகையைப் போனில் பதிந்துகொண்டு
போகும் வழியெல்லாம் கேட்பாளாம்.
"மேல்குரல் எப்படியோ தப்பித்துவிடுகிறது, மல்காஸ்.
என் குரல் வரவேண்டிய இடத்தில்
ஏதோ உதறுகிறது, அவ்வளவுதான்."

கதவின் உள்பலகையைக் கழற்றினேன்.
முதலில் வந்தது வாடை.
பிறகு, உள்தகரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு
அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு,
அதற்குக் கீழே காய்ந்த சேறு.
ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு
பாலில் ஊறிய ரொட்டியாய் உப்பிக் கிழிந்திருந்தது.
அடியில் ஒரு நத்தை ஓடு,
எனக்குப் பெயர் தெரியாத ஏதோ மரத்தின் இலை.

பல் டாக்டருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த ஊர் ஆறு, எந்த வெள்ளம்,
கரையேறியவர்கள் யார் என்று எதுவும் தெரியாது.
ஏலம் விட்டு, கப்பலேற்றி, கழுவி, மெருகேற்றி
இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

புது ஸ்பீக்கர் போட்டேன்.
சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர்,
பேட்டரியிலிருந்து அதற்கென்று தனி ஒயர்.
பொரியல் அடங்கியது.
கொசு அடங்கவில்லை.
மின்சார ஒயரை இடப்பக்கம் ஓட்டினேன்,
பாட்டு ஒயரை வலப்பக்கம்.
சம்பந்திச் சண்டைபோல் இரண்டையும் பிரித்துவைத்தும்
கொசு இருந்தது.
"ஃபில்டர் போட்டு அனுப்பு" என்றான் டயர்க் கடை நோதார்.
அது கொசுவை விரட்டுவது அல்ல,
காதில் பஞ்சு அடைப்பது.

இரண்டு நாள்.
மூன்றாம் நாள் கம்பளத்தை முழுதாக உரித்தபோது
சீட்டின் காலோரம் ஒரு போல்ட்,
கம்பெனிக்காரன் முடுக்கியது,
வண்டியின் பாதி ஒயர்கள் போய் இறங்கும் இடம்.
அதைப் பச்சைக் களிம்பு மூடியிருந்தது.
உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன்,
தேய்த்தேன்,
தகரம் தன் சொந்த வெள்ளையைக் காட்டும்வரை.
முடுக்கினேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
கதவுகள் வாய் திறக்கவில்லை.
பக்கத்தில் எலும்பு வெட்டும் சத்தம்
முதல்முறையாக உள்ளே வந்தது.

சியாலா கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு
போனை இணைத்தாள்.
நான் வெளியே நின்று கை துடைத்தேன்.
முதல் அடியில் சிரித்தாள்.
இரண்டாவதில் தலையாட்டினாள்.
மூன்றாவதில் நிறுத்தி,
பின்னால் தள்ளி, மறுபடி போட்டாள்.
மறுபடி.

கண்ணாடி இறங்கியது.
"யாரோ ஒருத்தி சுருதி இறங்கிப் பாடுகிறாள்.
ஒரு மயிரிழைதான். ஆனால் கடைசிவரை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் தொழிலில் அது என் வேலையில்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்தாள்,
எண்ணியதைத் திரும்ப எண்ணினாள்.
"இரண்டு வருஷம்" என்றாள்,
"பக்கத்தில் நிற்கும் லமாராவை முறைத்துக்கொண்டிருந்தேன்."
சாவியைத் திருகும்முன் கேட்டாள்:

"மல்காஸ்,
அந்த இரைச்சலில் கொஞ்சம்,
ஒரு கதவில் மட்டும்,
திரும்ப வைக்க முடியுமா?"

நத்தை ஓடு என் மேஜையில் இருக்கிறது.
திருகாணிகளைப் போட்டுவைக்கச் சிறியது.