இடதுகரைக் கணக்கு

கணிதச் சோதினையை மூன்றுதரம் எழுதினவள் நான்.
மூன்றாம் தரம் முகாமிலிருந்து.
அதுவும் சரிவரவில்லை.

இப்போது கட்டம் கட்டமாய் ஒரு தாள்
என் போனுக்குள்.
கண்ணாடி வெடித்த இடத்தில்
ஏழு தட்டுப்படாது.
ஏழு வேண்டுமென்றால்
போனைப் பக்கவாட்டில் திருப்பவேண்டும்.

எடுத்த கடன் நாற்பதாயிரம்.
கைக்கு வந்தது முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு.
மிச்சம் பத்திரச் செலவாம், காப்புறுதியாம்.
கிழமைக்கு ஆயிரம், ஐம்பத்திரண்டு கிழமை.
"முப்பது வீதம்தான் அக்கா" என்றிருந்தான்.

முத்தையன்கட்டில்
அலைகரையில் ஏறினால்தான் சிக்னல்.
கோழிக்குத் தீன் வைத்துவிட்டு
நாலு பின்னேரம் போயிருந்து
ஒரு காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து
சூத்திரத்தைத் தட்டினேன்.
முதல்நாள் பிழை என்றது.
இரண்டாம் நாளும்.
கொடுக்கிற காசுக்கு முன்னால்
கழித்தல் குறி போடவேண்டுமாம்.
பதினாலு வருசமாய்க் கழிந்துகொண்டிருக்கிற எனக்கு
அது தோன்றவில்லை, பாருங்கோ.

பிறகு வந்தது:
அறுபத்தெட்டு.

குளத்தில் நீர்க்காகமொன்று முங்கி
கனநேரம் கழித்து
வேறெங்கோ எழும்பிச்சுது.
திரும்பவும் முதலிலிருந்து தட்டினேன்.
அறுபத்தெட்டேதான்.

தாளை மற்றவர்களுக்கு அனுப்பினேன்.
செல்வநிதி, கூலிவேலை கிடைக்காத நாட்களுக்கென்று
ஒரு நிரல் சேர்த்தாள். எனக்கு அது உறைக்கவேயில்லை.
வாசிக்கத் தெரியாத கனகேஸ்வரி
"எனக்கு நிறத்தில சொல்லு" என்றாள்.
முப்பதைத் தாண்டினால்
கட்டம் சிவக்கும்படி செய்தோம்.
எல்லார் தாளும்
மிளகாய் காயப்போட்ட பாய்.

செவ்வாய்க்கிழமை வந்தான்,
ஹெல்மெட்டும் கழற்றாமல்.
பதினொரு போனை ஒன்றாய் நீட்டினோம்.
"இது ஆர் செய்து தந்தது? எந்த நிறுவனம்?"
"நாங்கள்தான்."
"நீங்களோ?"
கனகேஸ்வரி சிரித்த சிரிப்பில்
கோழிகள் கலைந்தன.

அன்றைக்கும் ஆயிரம் கட்டினோம்.
வாங்கின கடன் வாங்கினதுதான்.
ஆனால் அவன் கொண்டுவந்த புதுப் படிவங்கள்
பைக்குள் அப்படியே மடியாமல் திரும்பின.

எல்லாரும் எழும்பிப் போனபிறகு
ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான்.
இருபத்திமூன்று வயதிருக்கும்.
நெற்றியில் வேர்வைத் தழும்பு.
"அக்கா... இந்த மோட்டார்சைக்கிள்
லீசிங்கில எடுத்தது."

போனைப் பக்கவாட்டில் திருப்பினேன்.
"மாசம் எவ்வளவு கட்டுறீர் தம்பி?"