கோட்டோரம்

ஹவ்காங் ஸ்டேடியத்தில் வலப்பக்கக் கோடு
எங்கள் இருவருக்கும் பொது.
உள்ளே வெஸ்கோவி,
வெளியே நான், கையில் கொடி.

பதினேழு சீசன், பதினொரு கிளப்,
கடைசியாக இந்தப் புழுக்கம்.
சட்டையைப் பிழிந்தால்
ஒரு குவளை தே-ஓ தேறும்.

மின்னல் சைரன் அலற, ஆட்டம் நின்றது.
சுரங்க வழியில் என்னருகே உட்கார்ந்து
முழங்காலுக்கு ஐஸ் கட்டினான்.
"எங்கள் ஊரில் மூடுபனிக்கு நிறுத்துவார்கள்."
பிறகு,
"எனக்கு எத்தனை தடவை ஆஃப்சைட் தூக்கியிருப்பாய்?"

இருபத்தெட்டு, என்றேன்.
பகலில் பாசிர் பாஞ்சாங்கில் கொள்கலன் எண்ணுகிறவன் நான்.
"அதில் இரண்டு தப்பு."
மூன்று என்று நான் திருத்தவில்லை.

எண்பத்தெட்டாம் நிமிடம்.
நடுக்களத்திலிருந்து நீளமாக ஒரு பந்து.
எப்போதும் அரை நொடி முந்திப் புறப்படுகிறவன்,
இன்று
தடுப்பாட்டக்காரனுக்கும் ஒரு முழு அடி பின்னால்.
இவ்வளவு சுத்தமான ஆன்சைடை
அவனிடம் நான் பார்த்ததேயில்லை.
கொடி தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

பந்து அவனுக்குக் காத்திராமல்
ஈரப்புல்லில் வழுக்கி
என் பூட்ஸ் நுனியைத் தாண்டி வெளியேறியது.
த்ரோ எதிரணிக்கு.
கொடியை நீட்டினேன்.

இதை
எண்ணவில்லை.